எதிரொலிப் பெட்டி

அரபு மொழியில் 'ஸதா' என்றொரு சொல் உண்டு. எதிரொலி என்பது அதன் பொருள். தாகம் என்பதும் அதன் பொருள்; ஆந்தை என்பதும் அதன் பொருளே. இம்மூன்றுக்கும் என்ன உறவு என்று ஓதவரும் பிள்ளைகள் கேட்பதுண்டு. ஜாஹிலிய்யாக் காலத்து அரபிகளிடம் ஒரு நம்பிக்கை இருந்தது. கொலையுண்டவனுக்காகப் பழி தீர்க்கப்படும்வரை, அவனுடைய தலையிலிருந்து புறப்பட்ட பறவையொன்று கப்றின் மேல் அமர்ந்து, குடிக்கத் தரும்படிக் கேட்டுக் கூவிக்கொண்டே இருக்கும் என்பார்கள். ஹாமா என்றும் ஸதா என்றும் அந்தப் பறவையை அழைத்தார்கள். நபி (ஸல்) அவர்கள் அந்த மூடநம்பிக்கையை மறுத்துவிட்டார்கள். பறவை பறந்து போயிற்று. சொல் மாத்திரம் அகராதியில் தங்கிவிட்டது.

தமிழோ வேறு வழியில் சென்றது. மலைக்குச் சிலம்பு என்று ஒரு பெயர்; சிலம்புதல் என்றால் ஒலித்தல். ஒலியைத் திருப்பித் தருவது மலை என்பதைக் கண்டவர்கள் ஆக்கிய மொழி இது. ஆனால் தூத்துக்குடிக் கரையில் வாழும் நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. வடக்கே பார்த்தால் உப்பளம்; தெற்கே நடந்தால் திருச்செந்தூர் வட்டாரத்துச் செம்மணல் தேரி; கிழக்கே கடல். கத்தினால் காற்று விழுங்கிக்கொள்ளும். சிறு வயதில் நாம் எதிரொலி கேட்டதெல்லாம் கிணற்றடியில்தான். தலையை உள்ளே நீட்டிக் கூப்பிட்டால் நம் குரலே சற்றுக் கனத்து, சற்று மங்கி, அடியிலிருந்து ஏறி வரும்.

இந்த ஆராய்ச்சியில் நம்மை இறக்கிவிட்டவன் நம் சகோதரியின் மகன். வயது இருபத்திரண்டு. துறைமுகத்தை அடுத்த கண்டெய்னர் யார்டு ஒன்றில் கணக்கெழுதுகிறான். கையில் ஒரு மின்கித்தார் வைத்திருக்கிறான். வாப்பா மவுத்தான நாளிலிருந்து வீட்டில் அவன் பேச்சு அடங்கிப்போயிற்று. கேட்டதற்குப் பதில், வைத்ததைச் சாப்பாடு என்று இரண்டாண்டுகள் ஓடிவிட்டன. அப்படிப்பட்டவன் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் நம்மைத் தேடி வந்து, தரையைப் பார்த்தபடி சொன்னான்:

"மாமா, எனக்கு ஒரு டிலே பெடல் வாங்கணும். பழைய காலத்து எக்கோ மாதிரி கேக்கணும். கையில ஆறாயிரம்தான் இருக்கு. நீங்க கூட வந்து கேட்டுச் சொல்லணும்."

கித்தார் விஷயத்தில் நம்மிடம் ஏன் வந்தான் என்று நேயர்கள் வியக்கலாம். வியப்பு நமக்கும் இருந்தது. நாம் மதரஸாவில் ஓதி, மதரஸாவில் ஓதிக் கொடுப்பவர்கள். நரம்பிசைக் கருவிகளைப் பற்றி நம் ஷாஃபிஈ மத்ஹபின் பெரும்பான்மை அறிஞர்கள் கொண்ட முடிவு கடுமையானது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது 'இஹ்யா'வில் இசை கேட்டலுக்கென்றே தனிப்பகுதி எழுதி, இனிய குரலுக்குப் பல வாயில்களைத் திறந்துவைத்தவர்கள். அவர்களும், மதுக்கூடங்களின் அடையாளமாகிவிட்ட நரம்புக் கருவிகளுக்கு வாயில் திறக்கவில்லை. அந்தலூசியாவின் இப்னு ஹஸ்ம் மாறுபட்ட கருத்துடையவர். அவருடைய வாதங்களும் நூல்களில் இருக்கின்றன. இதையெல்லாம் அவனிடம் ஒளிக்காமல் சொன்னோம். முழுவதும் கேட்டுவிட்டு அவன் சொன்னான்:

"தெரியும் மாமா. ஓதும்போதே சொல்லித் தந்தீங்க. நான் பத்வா கேட்டு வரல. ஏமாந்துறக் கூடாதுன்னுதான் வந்தேன்."

ஆலோசனை கேட்கப்பட்டவரிடம் ஓர் அமானிதம் ஒப்படைக்கப்படுகிறது என்பது நம் மார்க்கம் கற்பித்த பாடம். கேட்பவன் செய்யப்போகும் காரியம் நமக்கு உவப்பானதா என்பது ஒரு கேள்வி. அவன் பணம் வீணாகாமல் காக்க நம்மால் முடியுமா என்பது இன்னொரு கேள்வி. முதற்கேள்விக்கு விடை சொல்லியாயிற்று. இரண்டாவதற்கும் வாயை மூடிக்கொண்டால், இரண்டாண்டுகளுக்குப் பிறகு திறந்த ஒரு கதவை நாமே சாத்தியவர்களாவோம். சகோதரிக்கு இது பிடிக்கவில்லை. "காக்கா, நீங்களே இதுக்குத் துணையா?" என்று கேட்டாள். நாம் பதில் சொல்லவில்லை.

எதிரொலியில் நமக்குப் பழக்கம் வந்தது ஒலிபெருக்கியால். மீலாது மேடைகளிலும் நிக்காஹ் மஜ்லிஸ்களிலும் மைக் செட்டுக்காரர்கள் கொண்டுவரும் ஆம்ப்ளிஃபயர்களில் 'எக்கோ' என்று ஒரு குமிழ் இருக்கும். அதைத் திருப்பிவிட்டால் பேச்சாளருக்குத் தம் குரல்மீதே மையல் உண்டாகிவிடும். நாகூர் ஹனீபா அவர்களின் வெண்கலக் குரலுக்கு அந்தக் குமிழ் தேவையாக இருந்திருக்காது. தேவைப்படுபவர்களே அதை அதிகம் திருப்புகிறார்கள். ஒருமுறை கிராஅத் ஓதும்போது அந்தக் குமிழ் முக்கால்வாசி திரும்பியிருந்தது. ஸாதுக்கும் ஸீனுக்கும் வேறுபாடு தெரியவில்லை. ஓர் ஆயத்தின் கடைசி மத்து அடுத்த ஆயத்தின் முதல் எழுத்தின் மேல் ஏறி உட்கார்ந்தது. எழுந்து போய்க் குமிழை நாமே திருப்பி வைத்தோம். அன்று முதல் ஊரில் எங்கே மைக் செட்டு கட்டினாலும், "ஹஜ்ரத், வந்து கேட்டுச் சொல்லுங்க" என்பது வழக்கமாகிவிட்டது. மருமகன் நம்மைத் தேடி வந்ததும் அந்தச் செவியை நம்பித்தான்.

எதிரொலி என்பது சுவரில் அடித்த பந்து திரும்புவது போன்றது. இப்னு சீனா தமது 'கிதாபுஷ் ஷிஃபா'வில் ஆன்மாவைப் பற்றிய பகுதியில் செவியையும் ஓசையையும் எதிரொலியையும் சேர்த்தே ஆராய்கிறார். பள்ளிக்கூட அறிவியல் நூல், எதிரொலி தனித்துக் கேட்கச் சுவர் ஏறத்தாழ 17 மீட்டர் தள்ளி இருக்கவேண்டும் என்று சொல்லும். ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்கிறது. போய்வர 34 மீட்டர். ஆகவே பத்தில் ஒரு நொடி. இந்தக் கணக்கை வைத்துக்கொண்டால் கித்தார்க்காரர்களின் பெட்டியில் 'நேரம்' என்று எழுதிய குமிழின் மர்மம் விளங்கிவிடும். அதை 300 மில்லிநொடியில் வைத்தால், 51 மீட்டர் தொலைவில் ஒரு சுவரைக் கட்டினோம் என்று பொருள். 600 என்றால் சுவர் 102 மீட்டருக்கு அப்பால். 20 என்றால் மூன்றரை மீட்டர். அது எதிரொலியாகக் கேட்காது, ஒரே நரம்பை இரண்டு பேர் மீட்டுவது போல் தடித்துக் கேட்கும்.

கடலில் இந்தக் கணக்கு மாறும். நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடுகிறது. நம் விசைப்படகுகளில் ஆழம் பார்க்கும் கருவி, ஒலியைக் கீழே அனுப்பித் திரும்பிவரும் நேரத்தைக் கணக்கிட்டே ஆழத்தைச் சொல்கிறது. தூத்துக்குடிக்கு எதிரே தொலையிரம் பார் முதலிய முத்துப் பார்கள் இருக்கின்றன. 1961க்குப் பிறகு அங்கே பெரிய முத்துக் குளிப்பு நடக்கவில்லை. அப்படியொரு பாரில் 15 மீட்டர் ஆழமுள்ள இடத்தில் படகு நின்றால், அடியைத் தொட்ட ஒலி 20 மில்லிநொடியில் திரும்பிவிடும். மருமகனின் பெட்டியில் குறைந்தபட்ச அளவாகக் குறித்திருப்பதும் அதே 20தான். இதைச் சொன்னபோது அவன் முதன்முறையாகச் சிரித்தான். "அப்போ குமிழ அந்தப் பக்கம் வச்சா முத்துக் குளிக்கலாமா மாமா?" என்றான். அவனுடைய பாட்டனாரின் தலைமுறை முத்துச் சிலாபத்தைக் கண்ணால் கண்ட தலைமுறை.

இனி, 'பழைய காலத்து எக்கோ' என்று அவன் எதைக் கேட்டான் என்பது. ஐம்பதுகளில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கித்தார்க்காரர்கள் ஒலிநாடாவை வைத்து எதிரொலி செய்தார்கள். ஓடும் நாடாவில் ஒரு முனை ஒலியைப் பதியும். சற்றுத் தள்ளியிருக்கும் மற்றொரு முனை அதையே படிக்கும். இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம்தான் தாமதம். படித்ததில் ஒரு பங்கை மறுபடியும் பதியவிட்டால் மூன்றாம், நான்காம் எதிரொலிகள் பிறக்கும். அமெரிக்காவில் எக்கோபிளெக்ஸ், 1958இல் இலண்டன் சார்லி வாட்கின்ஸ் விற்கத் தொடங்கிய காப்பிகேட், 1974இல் ஜப்பானிய ரோலண்டு நிறுவனத்தின் ஸ்பேஸ் எக்கோ ஆகியவை இவ்வகையில் பெயர் பெற்றவை. இத்தாலியின் மிலான் நகரத்துப் பின்சன் நிறுவனம் நாடாவுக்குப் பதிலாகச் சுழலும் காந்த உருளையை வைத்தது. பிங்க் ஃபிளாய்டு என்னும் ஆங்கிலேயக் குழுவின் பேரால் அது புகழடைந்தது.

இந்தப் பழைய இயந்திரங்களில் ஒன்றையே வாங்கிவிட வேண்டும் என்பது வாலிபர்களின் கனவு. மருமகனும் கைப்பேசியில் படங்களைக் காட்டினான். விலை அவனுடைய ஓராண்டுச் சேமிப்பை விழுங்கிவிடும் என்பது ஒருபுறம் இருக்க, நம் ஊர்க் காற்றை நினைக்க வேண்டாமா? உப்பளக் காற்றில் ஜன்னல் கம்பியே ஆண்டுக்கொரு முறை உரிகிறது. மோட்டார், ரப்பர் உருளை, காந்த முனை, நாடா என்று நான்கு இடத்தில் பழுதாகக்கூடிய ஐம்பதாண்டுக் கிழவியைத் தூத்துக்குடிக்கு மணமுடித்து வருவது அறிவுடைமை ஆகாது. பழுது பார்ப்பவர் சென்னையிலே கிடைப்பதே அரிது. அந்த எண்ணத்தை முதல் நாளே கைவிடச் செய்தோம்.

நாடாவுக்கு அடுத்து வந்தது நமக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. 1969ஆம் ஆண்டு ஹாலந்து நாட்டுப் பிலிப்ஸ் ஆய்வகத்தில் சாங்ஸ்டர், டீர் என்னும் இருவர் ஒரு சில்லைக் கண்டுபிடித்தார்கள். தீப்பிடித்த வீட்டுக்கு ஊரார் வரிசையாக நின்று தண்ணீர் வாளியைக் கைமாற்றிக் கொடுப்பார்கள் அல்லவா? அந்த வாளி வரிசையின் பெயரையே சில்லுக்கும் வைத்தார்கள். ஒலியின் மின்னழுத்தத்தைத் துண்டு துண்டாக வாளியில் மொண்டு, ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றிக்கொண்டே போவது அதன் வேலை. பின்னாளில் ஜப்பானிய மட்சுஷிதா நிறுவனம் செய்த எம்.என். 3005 என்னும் சில்லில் இப்படி 4,096 கைகள். தூத்துக்குடித் தோணித்துறையில் மூட்டை கைமாறுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். கைமாற்றும் தாளத்தை வேகப்படுத்தினால் வாளி சீக்கிரம் கடைசிக் கைக்குப் போய்ச் சேரும், தாமதம் குறைவு. நிதானப்படுத்தினால் தாமதம் அதிகம். ஆனால் நிதானமாக மொள்ளும்போது ஒலியின் கூர்மையான நுனிகள் வாளிக்குள் அடங்குவதில்லை; வழியிலும் கொஞ்சம் சிந்துகிறது. இரைச்சலை மறைப்பதற்காக வைக்கும் வடிகட்டியும் மேலும் கொஞ்சம் கூர்மையை உறிஞ்சிவிடுகிறது. அதனால் இரண்டாம் எதிரொலி முதலாவதைவிட மங்கலாகவும், மூன்றாவது அதனினும் மங்கலாகவும், கடைசியில் நிறம் மட்டும் மீந்த புகை போலவும் வரும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் எண்களால் வேலை செய்யும் பெட்டிகள் வந்தன. ஒலியை எண்ணாக்கி நினைவகத்தில் வைத்து, அப்படியே திருப்பித் தருவன அவை. பத்தாம் எதிரொலியும் முதலாவதைப் போலவே பளிச்சென்று இருக்கும். குறை தீர்ந்துவிட்டது என்று எல்லோரும் மகிழ்ந்தார்கள். சில ஆண்டுகள் சென்றதும் கித்தார்க்காரர்கள் குறையைத் தேடிக்கொண்டு பழையபடி திரும்பினார்கள்!

ஏன் திரும்பினார்கள்? ஓதிக்கொடுக்கும் நமக்கு இந்தக் கேள்வி சும்மா விட்டுவிடக்கூடியது அன்று. உஸ்தாது ஓதுகிறார், பிள்ளை திருப்பி ஓதுகிறான். அங்கே ஒரு ஹரக்கத்தும் தேயக்கூடாது. தேய்ந்தால் பிரம்பு. ஆனால் பெரிய பள்ளிவாசலில் இமாமின் தக்பீரைக் கடைசி ஸஃப்புக்கு எட்டவைக்கும் முகப்பிரை எண்ணிப் பாருங்கள். அவர் குரல் இமாமின் குரலுக்குப் பின்னால் நிற்கவேண்டும். இமாம் அடுத்த சொல்லைத் தொடங்கும்போது அவர் முந்தைய சொல்லை அதே உரப்பில் இழுத்துக்கொண்டிருந்தால் ஜமாஅத்துக் குழம்பும். பளிச்சென்ற எதிரொலி செய்யும் தொல்லை அதுதான். புதிய சுரம் பிறக்கும் நேரத்தில் பழைய சுரம் அதற்குச் சமமாக நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறது. மங்கும் எதிரொலியோ எழுந்து இடம் விடுகிறது. கேட்பவன் காதில் அது பின்சுவராக விரிகிறதே தவிர, முன்னால் வந்து நிற்பதில்லை. கூர்மை குறைந்த ஒலியைத் தொலைவிலிருந்து வருவதாகவே செவி எடுத்துக்கொள்கிறது; தொலைவில் உள்ளவன் பேச்சில் குறுக்கிடுவதில்லை. மருமகன் தேடிய 'பழைய மாதிரி' என்பது பழமை மோகம் அன்று, இந்த ஒதுங்கி நிற்றல்தான் என்று நமக்குப் பட்டது. அதை அவனிடம் சொன்னபோது, "இத்தன நாளா இதச் சொல்லத் தெரியாமத்தான் கஷ்டப்பட்டேன் மாமா" என்றான்.

கடைத்தெருவுக்கு வருவோம். ஆறாயிரத்துக்குள் கிடைப்பவற்றில் பெரும்பாலானவற்றின் வயிற்றில் இருப்பது வாளி வரிசைச் சில்லு அன்று. தைவான் நாட்டுப் பிரின்ஸ்டன் டெக்னாலஜி நிறுவனத்தின் பி.டி. 2399 என்னும் சில்லு அது. வீட்டுக் கரோக்கிப் பெட்டிகளிலும் மலிவான எக்கோ பலகைகளிலும் இருப்பதும் அதுவே. உள்ளே அது எண்களாகத்தான் வேலை செய்கிறது. ஆயினும் அதன் நினைவகம் சிறியது. தாமதத்தைக் கூட்டக் கூட்டக் கரகரப்பு ஏறும். அதை மறைக்க வடிகட்டி வைப்பதால் ஒலி ஓரளவு மங்கியே வருகிறது. பழைய பெட்டியின் சாயல் வந்துவிடுகிறது. சாயல் வந்ததில் குற்றமில்லை. அட்டைப்பெட்டியின் மேல் 'அனலாக்' என்று அச்சடித்து விற்பதுதான் குற்றம். பாலில் தண்ணீர் கலந்தவனும் வெண்மையைக் காட்டித்தான் விற்கிறான். நம் தீர்ப்பு என்னவென்றால், அந்தச் சில்லுள்ள பெட்டியை அந்தச் சில்லுக்குரிய விலையில், தெரிந்தே வாங்கினால் தவறில்லை. தொடக்கநிலைப் பிள்ளைக்கு அது போதும். வாளி வரிசை என்று நம்பி அதிகம் கொடுத்து வாங்கினால்தான் நஷ்டம். கண்டுபிடிக்க ஒரு வழி: ஐந்நூறு, அறுநூறு மில்லிநொடி தருவதாகச் சொல்லும் மிக மலிவான பெட்டியைச் சந்தேகிக்கலாம். வாளி வரிசையில் அவ்வளவு தாமதம் வேண்டுமானால் அதிகச் சில்லு வேண்டும். சில்லு கூடினால் விலையும் கூடும். மலிவு விலையில் உண்மையான வாளி வரிசை பெரும்பாலும் 300 அளவில் நின்றுவிடும்.

மூன்று பெட்டிகளைக் கேட்டுப் பார்த்தோம். ஒன்று, பனிமய மாதா கோயில் பக்கத்திலுள்ள பாடகர் குழு ஒன்றில் வாசிக்கும் பையன் மனமுவந்து கொடுத்த எண்முறைப் பெட்டி. இரண்டாவது, யார்டில் வேலை செய்யும் நண்பனுடையது. மேற்சொன்ன தைவான் சில்லு உள்ளது. மூன்றாவது, பெரிங்கர் நிறுவனத்தின் 'விண்டேஜ் டிலே' என்னும் பிளாஸ்டிக் பெட்டி; வாளி வரிசைச் சில்லு உள்ளது. மைக் செட்டுக்காரர் ஒருவரின் கிடங்கில், பந்தல் துணி மூட்டைகளுக்கு நடுவே, அவருடைய ஆம்ப்ளிஃபயரில் பூட்டிக் கேட்டோம். துணி மூட்டைகள் இருந்தது நல்லதாயிற்று. வெற்று மண்டபத்தில் கேட்டால் மண்டபத்தின் எதிரொலியும் பெட்டியின் எதிரொலியும் கலந்து செவியை ஏமாற்றிவிடும்.

நாம் சொன்ன சோதனை எளியது. பாட்டு வாசிக்காதே, ஒரே ஒரு சுரத்தை மீட்டிக் கையை எடு என்றோம். கண்ணை மூடிக்கொண்டு மூன்றாம் எதிரொலியை மட்டும் கவனித்தோம். முதலாவதை எந்தப் பெட்டியும் அழகாகத்தான் சொல்லும். குணம் தெரிவது மூன்றாவதில். எண்முறைப் பெட்டியில் மூன்றாவதும் முதலாவதும் இரட்டைப் பிள்ளைகள். தைவான் சில்லில் குறைந்த தாமதத்தில் இனிமை; குமிழை வலக்கோடிக்குத் திருப்பியதும் அரிசி புடைப்பது போன்ற சரசரப்பு. பிளாஸ்டிக் பெட்டியில் மூன்றாவது, அடுத்த தெருவில் யாரோ வாசிப்பது போல் வந்தது. மருமகன் நம்மைப் பார்த்தான், நாம் தலையசைத்தோம். பிறகு 'மீள்வு' என்னும் குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றச் சொன்னோம். ஓர் அளவுக்கு மேல் போனால், திரும்பி வருவது போனதைவிடப் பெரிதாகி, தானே வளர்ந்து ஊளையாகிவிடும். அந்த எல்லை குமிழின் எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் மேடைக்குப் போகக்கூடாது. ஊளை கிளம்பியதும் மைக் செட்டுக்காரரின் பேரப்பிள்ளை அழத் தொடங்கியதால் அந்தச் சோதனையைச் சுருக்கமாக முடித்துக்கொண்டோம்.

ஒலியால் மூன்றாவது வென்றது. ஆனால் பிளாஸ்டிக் உடம்பைக் காலால் மிதித்து மிதித்து எத்தனை மேடை தாங்கும் என்று யோசனை வந்தது. பெரிங்கரின் தாய் நிறுவனம் 2015இல் டென்மார்க்கின் டி.சி. எலெக்ட்ரானிக்கை வாங்கியது. அந்தப் பெயரில் 'எக்கோ பிரெய்ன்' என்றொரு பெட்டி வருகிறது. அதுவும் வாளி வரிசைதான். தாமதம் 300 வரைதான். ஆனால் உலோகக் கூடு. விலை மருமகனின் ஆறாயிரத்துக்குள் அடங்கியது. ஜப்பானிய பாஸ் நிறுவனம் தன்னுடைய எண்பதுகளின் டி.எம். 2 பெட்டியைப் புதுப்பித்து விற்பதும், எம்.எக்ஸ்.ஆர். நிறுவனத்தின் கார்பன் காப்பியும் இவற்றைவிட மேலானவை என்று அறிந்தவர்கள் சொல்கிறார்கள். இருக்கலாம். அவற்றின் விலை அவன் கையிலிருந்ததைப் போல் இரு மடங்குக்கும் மேல். கடன் வாங்கி வாங்குவதாயிருந்தால் நாம் துணைக்கு வரமாட்டோம் என்று சொல்லிவிட்டோம். 300 மில்லிநொடி போதுமா என்று அவன் தயங்கினான். 51 மீட்டருக்கு அப்பால் உனக்கு என்ன வேலை என்று கேட்டோம்.

மீந்த பணத்தில் வாங்கச் சொன்னது அடாப்டர். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பெட்டியோடு அது வருவதில்லை. இவ்வகைப் பெட்டிகளுக்கு வேண்டியது 9 வோல்ட்டு நேர்மின்சாரம். குழாயின் நடுவில் எதிர்முனை. வீட்டில் கிடக்கும் பல அடாப்டர்களில் நடுவில் நேர்முனை இருக்கும். மாற்றிச் செருகினால் சில்லு கருகவும் கூடும். மலிவான அடாப்டரில் 'உம்' என்ற இரைச்சலும் இலவசமாகக் கிடைக்கும்; கல்யாண மண்டபத்து ஜெனரேட்டர் ஓடும்போது அது இன்னும் பெருகும். சொருகு துளைகளில் உப்புக்காற்றுப் பச்சை பூக்காதிருக்க, வேலை முடிந்ததும் துடைத்து, மருந்துக் குப்பியில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களோடு டப்பாவில் மூடி வைக்கும்படி சொன்னோம். கருவாட்டுக்கு நாம் காட்டும் அக்கறையில் பாதியைக் காட்டினால் போதும், பெட்டி பிழைத்துக்கொள்ளும்.

பெட்டி வந்த பிறகு சகோதரி இரண்டு நாள் அந்த அறைப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் நாம் போயிருந்தபோது அடுப்படியிலிருந்து கேட்டாள்: "காக்கா, உள்ளே ரெண்டு பேரா வாசிக்கிறாங்க?" ஒருவன்தான் என்றோம். அவன் வாசித்தது சினிமாப் பாட்டு அன்று. வலை இழுக்கும்போது ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் ஏற்றுச் சொல்வார்களே, கடற்கரை அம்பாப் பாட்டு, அந்த மெட்டு. எடுத்துக் கொடுப்பது அவன் விரல். ஏற்றுச் சொல்வது பெட்டி. அவனுடைய வாப்பா படகுத் தொழிலில் இருந்தவர். சகோதரி கரண்டியைக் கையில் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு, "பாங்கு சொன்னா நிக்குமா அது?" என்று கேட்டாள்.

நியாயமான கேள்வி. சில பெட்டிகளில் காலால் அணைத்த பிறகும் பழைய எதிரொலி தன் பாட்டுக்கு ஓடித் தேயும். அதை ஒரு வசதியாகவே விற்கிறார்கள். இதில் அந்த ஏற்பாடு இல்லை. அணைத்தால் அக்கணமே அறுந்துவிடும். அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே தெருமுனைப் பள்ளியில் அஸர் பாங்கு தொடங்கியது. உள்ளே அவன் உள்ளங்கையைக் கம்பிகளின் மேல் வைத்துக் காலை அழுத்தியிருக்கவேண்டும். 'டக்'கென்று ஓர் ஓசை; அப்புறம் ஒன்றுமில்லை. சகோதரி முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, மகனுக்குச் சேர்த்து மூன்று தேநீர்க் கோப்பைகளை எடுத்து வைத்தாள்.